இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

என் அப்பா முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பம்ப் செய்தவர். கோயம்புத்தூர் கணபதியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஆறு ஆட்கள். பெரிய கம்பெனிகளுக்கு இம்பெல்லர் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு சொந்தமாக சப்மெர்சிபிள் பம்ப் அசெம்பிள் செய்து பல்லடம், அவிநாசி, உடுமலைப் பக்கத் தோட்டங்களுக்கு விற்றார். கடைசி மூன்று வருஷமும் நான்கு மாதமும் அவர் நெஞ்சுக்குள்ளேயே ஒரு பம்ப் ஓடியது.

இதயம் வீங்கித் தளர்ந்து போயிருந்தது. டைலேட்டட் கார்டியோமயோபதி என்று ஃபைலில் எழுதியிருந்தார்கள். சட்டைப் பட்டன் போடுவதற்குள் மூச்சு வாங்கும். ராத்திரி படுக்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். மாற்று இதயம்தான் வழி. ஆனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடிக் கிடந்தது. அந்த நிலையில் புது இதயம் வைத்தால் அதன் வலப்பக்கம் தாங்காது, கொஞ்ச காலம் பம்ப் வைத்து அழுத்தத்தை இறக்கிப் பார்க்கலாம் என்றார் சென்னை டாக்டர். இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி மகாதமனிக்குள் தள்ளுகிற பம்ப். எல்வேட் என்பார்கள். விலையைக் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரவணம்பட்டியில் அப்பா எப்போதோ வாங்கிப்போட்டிருந்த சைட்டை விற்றோம். 2015 ஜூலையில் ஆபரேஷன்.

அதற்கு முதல் நாள் டாக்டர் ஒரு மாதிரிப் பம்பை மேஜையில் வைத்துக் காட்டினார். ஒரு டைட்டானியம் குழாய், உள்ளே திருகு போல ஒரு ரோட்டர். அப்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரிங் எங்கீங்க இருக்குது?"

"ரெண்டு முனையிலயும் சார். ரத்தத்துக்குள்ளயே சுத்தும்."

"லூப்ரிகேஷன்?"

"ரத்தம்தான்."

அப்பா சிரித்துவிட்டார். "நம்ம போர் பம்பும் இதேதானுங்க. தண்ணிக்குள்ளயே கெடந்து தண்ணியிலயே ஓடும்."

எத்தனை ஆர்.பி.எம். என்று கேட்டார். ஒன்பதாயிரம் பக்கம் என்றதும் சிரிப்பு நின்றது. அவருடைய மோட்டார்கள் 2,880-ல் ஓடுபவை. குழாயை மேஜையில் வைத்துவிட்டு, "அடைப்பு வருமுங்களா?" என்றார்.

"வரலாம். அதுக்குத்தான் மாத்திரை."

பம்ப் வைத்த பிறகு அப்பாவுக்கு நாடி இல்லாமல் போனது. இதயம் விட்டுவிட்டுத் தள்ளும், இந்தப் பம்ப் ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒன்றும் தட்டாது. பிரஷர் மெஷின் எர்ரர் காட்டும். டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டு ஒரே ஒரு எண்ணைத்தான் குறிக்க முடியும். வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு கேபிள் வெளியே வந்து, இடுப்பில் இருக்கும் கன்ட்ரோலரில் சேரும். பகலில் இரண்டு பேட்டரி, ராத்திரி ஈ.பி. கரண்ட். பவானி கூடுதுறையில் முங்கி எழுவது அதோடு முடிந்தது. மற்றபடி அப்பா படுத்துத் தூங்கினார், மாடி ஏறினார், மூன்று மாதத்தில் பட்டறைக்குப் போய் ஆட்களைத் திட்டினார். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் அந்த அறையில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவாள்.

என் வேலை நோட்டு எழுதுவது. தேதி, எடை, ஸ்பீடு, வாட்ஸ், ஃப்ளோ, மாத்திரை மில்லிகிராம், கடைசிக் கட்டத்தில் ஐ.என்.ஆர். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது. மருந்து சாப்பிடாத ஆளுக்கு ஒன்றை ஒட்டி இருக்கும். அப்பாவுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் பம்புக்குள் ரத்தம் கட்டலாம். மூன்றுக்கு மேலே போனால் குடலிலோ மூளையிலோ கசியலாம். லேப் தம்பி காலையில் பைக்கில் வந்து ரத்தம் எடுத்துப் போவான், மத்தியானம் போனில் எண் வரும். 1.8 என்றால் அம்மா பூஜை அறைக்குப் போவாள். 3.4 என்றால் நான் சென்னைக்குப் போன் போடுவேன்.

மாத்திரையின் பெயர் வார்ஃபரின். அதன் கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1920-களில் வட அமெரிக்கப் புல்வெளிகளில் மாடுகள் கொம்பு சீவினாலே ரத்தம் நிற்காமல் செத்தன. கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனம்தான் காரணம் என்று தெரிந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் அந்தத் தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனிதருக்கான மருந்தானது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப டெய்லி எலி மருந்து திங்கறனாக்கு" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர். "எலி மருந்து போட்டாச்சுங்களா?" என்று அம்மா ராத்திரி எட்டு மணிக்குக் கேட்பாள்.

அந்த மருந்து, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. கீரையில் வைட்டமின் கே அதிகம். எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு முருங்கை நிற்கிறது. முதல் வருஷம் பயத்தில் அம்மா அந்த மரத்துப் பக்கமே போகவில்லை. அப்புறம் டயட்டீஷியன்தான், கீரையை நிறுத்த வேண்டாம், எவ்வளவு சாப்பிட்டாலும் வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார். செவ்வாயும் வெள்ளியும் ஒரு பிடி என்று முடிவானது. அம்மா உருவிய கீரையைக் கையில் அள்ளி, பிறகு ஒரு டம்ளரில் போட்டு அளப்பாள். உப்பைக்கூடக் கண் அளவில் போடுகிறவள்.

உறையவும் கூடாது, கசியவும் கூடாது. இரண்டு ஆபத்தும் ஏன் ஒரே ஆளுக்கு வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ரத்தத்துக்கு உலோகம் அந்நியம். தொட்டதும் அதை ஒரு காயமாக நினைத்து மூட வரும். பேரிங் சுற்றும் இடத்தில் சூடு உண்டு, அதன் ஓரத்தில் ஓட்டம் மந்தமாகிற மூலையும் உண்டு. அங்கே ஒரு திட்டு ஒட்டினால் அதன் மேல் இன்னொன்று ஒட்டும். அப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருக்கவில்லை. உப்புத் தண்ணி போரிலிருந்து மேலே இழுத்த பம்பில், இம்பெல்லர் முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கும் சுண்ணாம்பை அவர் உளியால் தட்டி எடுத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

கசிவதற்குக் காரணம் வேறு. காயம் பட்ட இடத்தில் தட்டணுக்களைப் பிடித்து ஒட்டவைக்க வான் வில்லிபிராண்ட் என்று ஒரு புரதம் இருக்கிறது. நீளமான நூல் மாதிரி சுருண்டு கிடக்கும். ஒன்பதாயிரம் சுற்றில் அந்தச் சுருள் இழுபட்டுப் பிரிய, ரத்தத்திலேயே இருக்கும் ஒரு நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். நீளம் போனால் பிடிமானமும் போச்சு. போதாததற்குத் துடிப்பில்லாத ஓட்டத்தில் குடலின் உட்சுவரில் மெல்லிய ரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைவிட்டு எளிதில் உடைகின்றன. இத்தனைக்கும் மேலேதான் எலி மருந்தும் ஆஸ்பிரினும்.

முதலில் வந்தது கசிவு. 2017 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். இரண்டு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. மூன்றாம் நாள் பட்டறை வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். ஹீமோகுளோபின் ஆறு. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வார்ஃபரினையும் ஆஸ்பிரினையும் நிறுத்தினார்கள். வேறு வழியில்லை. ஒரு வாரம் கழித்து வார்ஃபரினை மட்டும் குறைந்த அளவில் தொடங்கி, எண் இரண்டை ஒட்டியே நின்றால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி ரெண்டு பக்கமும் பாக்கணும்மா. யூரின் கலர் மாறுனா உடனே கூப்பிடுங்க" என்றார். தலையாட்டினேன். அப்பாவிடமும் சொன்னேன்.

இந்த இடத்தில் அப்பாவின் தொழில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துக்காரர்கள் போன் செய்து, "மோட்டார் ஓடுதுங், தண்ணிதான் கம்மியா வருது" என்பார்கள். அப்பாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஆம்ஸ் என்ன காட்டுது?" கரண்ட் ஏறியிருந்து தண்ணி குறைந்திருந்தால், உள்ளே ஏதோ உரசுகிறது. உடனே ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. மறுநாள் என்னைப் பெண் பார்க்கத் திருப்பூரிலிருந்து வருகிறார்கள். வீடு கழுவி, திரைச்சீலை மாற்றிக் களேபரமாக இருந்தது. காலையில் கன்ட்ரோலரைப் பார்த்து நோட்டு எழுதினேன். வழக்கமாக 5.1 காட்டும் ஃப்ளோ அன்றைக்கு 6.3. வாட்ஸ் 5.8-லிருந்து 7.4. "ஃப்ளோ நல்லா ஏறியிருக்குதுங்ப்பா!" என்றேன். ரத்தம் போய்த் துவண்டு கிடந்த உடம்பு தேறுகிறது என்று எனக்குச் சந்தோஷம். அப்பா குனிந்து திரையைப் பார்த்தார். "ம்" என்றார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நான் ஒரு டிக் போட்டேன். அந்த டிக் இன்னும் நோட்டில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து போனார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, கன்ட்ரோலர் தெரியாதபடி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். கார் தெரு முனை திரும்பியதும், பாத்ரூமிலிருந்து வெளியே வந்த அம்மா, "இங்க வந்து பாரு கண்ணு" என்றாள். பால் ஊற்றாத டிக்காஷன் நிறம். "நேத்தே கொஞ்சம் இப்பிடித்தான் இருந்துச்சாம். பீட்ரூட் பொரியல் தின்னதுனு சொல்றாரு" என்றாள். ஓடிப்போய்க் கன்ட்ரோலரைப் பார்த்தேன். ஃப்ளோ 7.5. வாட்ஸ் 9.2.

சென்னையிலிருந்து டாக்டர் போனில் சொன்னது இவ்வளவுதான். அந்த ஃப்ளோ யாரும் அளந்த ஃப்ளோ அல்ல. இத்தனை சுற்றில் இத்தனை வாட்ஸ் இழுத்தால் இவ்வளவு ரத்தம் போகும் என்று கன்ட்ரோலர் போடும் கணக்கு. ரோட்டரில் கட்டி ஒட்டினால் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றும், வாட்ஸ் ஏறும், கன்ட்ரோலர் அதை நம்பி ஃப்ளோவையும் ஏற்றிக் காட்டும். உண்மையில் போவது குறைந்துகொண்டே வரும். சிவப்பணுக்கள் அந்தக் கட்டியில் அடிபட்டு உடைவதுதான் சிறுநீரில் தெரிகிற நிறம்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் ராத்திரியே ஹெப்பாரின் சொட்டு ஏற்றத் தொடங்கினார்கள். விடிகாலையில் ஆம்புலன்ஸில் சென்னை. பெருந்துறை தாண்டும்போது அப்பா கண்ணைத் திறந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதுங்ளாப்பா?"

"சனிக்கெழமையே தெரியும் கண்ணு. வாட்ஸ் பாத்தேனே."

"ஏனுங்ப்பா சொல்லுல?"

"நாளைக்கு அவிங்க வர்றாங்கல்ல. ஒரு நாள் ஓடிரும்னு நெனச்சேன்."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தோட்டத்துக்காரனாக இருந்தால் போனிலேயே திட்டியிருப்பார், ஏன் உடனே ஆஃப் பண்ணலை என்று. இந்த மோட்டாரை ஆஃப் பண்ண முடியாது.

சென்னையில் பதினோரு நாள். ரத்தத்தில் எல்.டி.எச். என்று ஒன்றைத் தினமும் பார்த்தார்கள். சிவப்பணு உடைய உடைய அது ஏறும். ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து செல்போனில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 2014 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அமெரிக்காவின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் ஹார்ட்மேட் 2 என்ற பம்ப் வைத்த 837 பேரைப் பற்றியது. 2011 மார்ச்சுக்கு முன்பு, பம்ப் வைத்த மூன்று மாதத்துக்குள் கட்டி வந்தவர்கள் 2.2 சதவீதம். 2013 ஜனவரிக்குள் அது 8.4 ஆகியிருந்தது. ஏன் ஏறியது என்பதற்கு அந்தக் கட்டுரையிலேயே ஒற்றைக் காரணம் இல்லை. இன்னொரு கட்டுரை அப்போது புத்தம் புதுசு. ஹார்ட்மேட் 3-ல் பேரிங்கே கிடையாது, ரோட்டர் காந்த விசையில் எதையும் தொடாமல் மிதந்து சுற்றுகிறது. 294 பேரில் பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்குப் பழையதையும் வைத்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் பழைய பம்பில் 14 பேருக்குக் கட்டி வந்திருந்தது. புதியதில் ஒருவருக்கும் இல்லை. காலையில் இதை அப்பாவிடம் சொன்னேன். "பேரிங்கே இல்லாமயா?" என்று கேட்டவர், நர்ஸிடம் பேனா வாங்கி, மாத்திரை அட்டையின் பின்பக்கம் வரைந்து பார்த்தார். காந்தம் எங்கே உட்காரும், ரத்தம் எந்தப் பக்கம் திரும்பும் என்று. உடம்பு தேறுகிறது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

வாட்ஸ் மெதுவாக இறங்கியது. சிறுநீர் தெளிந்தது. ஆனாலும் டாக்டர் மறைக்கவில்லை. கரைந்தது முழுதாகவா என்று சொல்ல முடியாது, திரும்ப வரலாம், பம்பையே மாற்றிவிடுவதுதான் உறுதியான வழி, அதற்கு மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார். மாற்று இதயத்துக்கான பட்டியலில் அப்பாவின் பெயர் ஏறியிருந்தது, ஆனால் ஓ குரூப்புக்கு வரிசை நீளம். அப்பா என்னைப் பார்த்து, "இன்னொரு சைட் இல்ல கண்ணு" என்றார். பட்டறை இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "ஆறு குடும்பம் இருக்குது" என்றார். அத்தோடு ஊர் திரும்பினோம். திருப்பூர்ச் சம்பந்தம் அமையவில்லை. அது பற்றி யாரும் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

அதற்கப்புறம் இருபது மாதம். அந்த இருபது மாதமும் நோட்டை எழுதிய மாதிரி நான் வாழ்க்கையில் எதையும் எழுதியதில்லை. காலை ஒரு முறை, ராத்திரி ஒரு முறை வாட்ஸ். அரைப் புள்ளி ஏறினாலும் சென்னைக்குப் போன். கீரை டம்ளர் அளவு. ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, நாட்டு மருந்து எது கொடுத்தாலும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது, அவையும் ஐ.என்.ஆரை ஏற்றி இறக்கும். ஒவ்வொரு நாளும் சிறுநீரை நானே பார்த்தேன். அப்பாவுக்கு அதில் கூச்சம். "உன்ற அம்மாவ பாக்கச் சொல்லு" என்பார். நான் விடமாட்டேன். அந்த டிக் குறியை அழித்துவிட வேண்டும் என்பது போல எழுதிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

2018 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை காலை. பட்டறையில் லேத் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் தலை வலிக்கிறது என்று காப்பி கேட்டிருக்கிறார். காப்பி வருவதற்குள் பேச்சு குழறியது. ஸ்கேனில் மூளையின் ஒரு பாதி வெள்ளையாக இருந்தது. ரத்தம். அன்றைக்குக் காலையில் எடுத்த ஐ.என்.ஆர். மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும்போது போனில் வந்தது. லேப் தம்பிக்கு விஷயம் தெரியாது. "2.4-ங் அக்கா, கரெக்டா இருக்குது" என்றான்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

மூன்றாம் நாள் மூளையிலிருந்து எந்தப் பதிலும் இல்லை. ஆனால் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கை சூடாக இருந்தது, நகம் சிவப்பாக இருந்தது, நாடி எப்போதும் போல இல்லை. பம்ப் தானாக நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அவரு ஆஃப் பண்ணாம எந்த மோட்டாரையும் உட்டுட்டு வந்ததில்லீங்க" என்றாள். டாக்டரும் ஒரு நர்ஸும் வந்தார்கள். அலாரம் அலறாமலிருக்க முதலில் அதற்கு ஏதோ செய்தார்கள். பிறகு இணைப்பைக் கழற்றினார்கள். அம்மா அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

ரொம்ப நாளைக்கு அந்த 2.4 மேல்தான் எனக்குக் கோபம். தப்பாக ஒரு எண் வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். கட்டி வந்தபோது தவறவிட்டேன், ஒரு டிக்கூடப் போட்டேன், அப்பா பிழைத்தார். கசிவு வந்தபோது எதையும் தவறவிடவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குச் சில வருஷங்கள் ஆகின. அந்த எண் ஒரு வேலி என்று நினைத்திருந்தேன். உள்ளே நின்றால் ஒன்றும் வராது என்று. நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் ஆபத்து கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். டாக்டர்கள் இதை முதல் நாளே சொன்னார்கள். நாங்கள்தான் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டோம்.

இப்போதும் கட்டுரைகள் வந்தால் படிக்கிறேன். காந்தப் பம்பின் இரண்டு வருஷக் கணக்கு 2019-ல் முழுதாக வந்தது. கட்டி வந்தவர்கள் பழையதில் 13.9 சதவீதம், புதியதில் 1.4. 2023-ல் இன்னொன்று. அந்தப் பம்ப் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரின் இல்லாமல் வார்ஃபரின் மட்டும் கொடுத்தாலும் கட்டி கூடுவதில்லை, ரத்தக் கசிவு குறைகிறது. பல வருஷங்களாக எல்லோருக்கும் கொடுத்த ஒரு மாத்திரை, இந்தப் பம்புக்குத் தேவைப்படவில்லை. வார்ஃபரின் மட்டும் இன்னும் போகவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில் இன்றைக்கும் யாரோ நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஃப்ளோ ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், வாட்ஸைப் பாருங்கள்.

பட்டறையை ஃபோர்மேன் அண்ணன் பார்த்துக்கொள்கிறார், கணக்கு நான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, ஒரு புதன்கிழமை, அம்மா முருங்கையில் ஒரு கொப்பையே ஒடித்துக்கொண்டு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் உருவினோம். முறம் நிறைந்து தரையில் கொட்டியது. பொரியலுக்குக் கொஞ்சம், மீதியைப் பருப்பில் போட்டுக் கடைந்தாள். கீரை அளக்கும் டம்ளர் அடுப்பு மேடையில் கவிழ்ந்து கிடந்தது. நான் அதை எடுத்துக் கழுவி, தண்ணீர் குடித்தேன்.